டிஎன்இஏ கேள்வி பதில்: கட்-ஆஃப் முதல் சாய்ஸ் பட்டியல் வரை

டிஎன்இஏ எனப்படும் தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங் பற்றிக் கேட்கலாம் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. விண்ணப்பம், சான்றிதழ், தரவரிசை, சாய்ஸ் பட்டியல் (கல்லூரியும் படிப்பும் விருப்ப வரிசையில்), ஒதுக்கீடு ஆகியவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். எந்தப் படிப்புக்கு வேலை கிடைக்கும், எந்த ஹாஸ்டலில் சாப்பாடு நன்றாக இருக்கும் என்பதெல்லாம் என் எல்லைக்கு வெளியே. தேதிகளும் சுற்று விதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அந்தந்த ஆண்டின் தகவல் கையேட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

மானாமதுரைப் பெண்: கணக்கு 94, இயற்பியல் 87, வேதியியல் 91. கட்-ஆஃப் எவ்வளவு அண்ணா? தமிழில் 98 எடுத்திருக்கிறேன், அதுவும் சேருமா?

கணக்கு 100-க்கு அப்படியே வரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகும். 94 + 43.5 + 45.5 = 183. தமிழ் சேராது, ஆங்கிலமும் சேராது.

மறுகூட்டல், மறுமதிப்பீடு கேட்க நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கணக்கில் 2 மதிப்பெண் கூடினால் கட்-ஆஃபும் 2 கூடும். இயற்பியலில் 2 கூடினால் 1 தான். விடைத்தாள் நகலுக்குக் கட்ட ஒரு பாடத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், கணக்கில் சந்தேகம் இருக்கும்பட்சத்தில் அதற்கே கட்டுங்கள்.

கட்டாஃப் 191: ஒரே கட்-ஆஃபில் நூறு பேர் இருந்தால் யார் முன்னால்? ரேண்டம் எண்தானே?

எல்லோரும் ரேண்டம் எண்ணையே பிடித்துக்கொள்கிறீர்கள். கணினி தரும் அந்த எண் வரிசையில் கடைசி. முதலில் கணக்கு மதிப்பெண், பிறகு இயற்பியல், பிறகு நான்காவது பாடம். அதிலும் தீராவிட்டால் மொத்த மதிப்பெண், பிறந்த தேதி என்று போகும். வயதில் மூத்தவர் முன்னால். இத்தனையும் சமமாக இருந்தால்தான் ரேண்டம் எண் பேசும். வேதியியல் ஏன் இந்த வரிசையில் இல்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். கட்-ஆஃபும் கணக்கும் இயற்பியலும் ஒன்றாக இருக்கும் இரண்டு பேருக்கு வேதியியல் வேறாக இருக்க வழியே இல்லை, கூட்டிப் பாருங்கள்.

கணினி அறிவியல் எடுத்தவரா உயிரியல் எடுத்தவரா என்பதும் அந்த நான்காவது பாடத்தில்தான் வருகிறது. அதைத் தாண்டி அதற்கு வேலை இல்லை.

வேளச்சேரி அம்மா: என் மகன் சிபிஎஸ்இ. ஸ்டேட் போர்டு பிள்ளைகளுக்கு மார்க் அள்ளிப் போடுகிறார்கள். எங்களுக்குச் சமன் செய்ய ஏதாவது உண்டா?

உண்டு அம்மா. நுழைவுத்தேர்வை ரத்து செய்த 2006 சட்டத்திலேயே அதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு பாடத்திலும் பிற வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணை மாநில வாரியத்தின் உச்ச மதிப்பெண்ணுக்குச் சமமாக வைத்து, மற்றவர்களுடையதை அதே விகிதத்தில் உயர்த்துவார்கள். மாநில வாரியத்தில் உச்சம் 100, இன்னொரு வாரியத்தில் 98 என்றால், அங்கே 49 எடுத்தவருக்கு 50 ஆகும். ஆனால் இரண்டு பக்கமும் யாராவது ஒருவர் 100 எடுத்துவிட்டால் மாற்றுவதற்கு எதுவும் இல்லை. நடுவில் இருப்பவர்களின் வித்தியாசத்தை இந்த முறை பார்ப்பதில்லை. உங்கள் ஆதங்கம் அங்கேதான் இருக்கிறது, அது நியாயமும்கூட. ஆனால் கவுன்சலிங்கில் அதற்கு மனு போட இடம் கிடையாது.

தறிக்காரர் மகன்: வீட்டில் யாரும் டிகிரி படிக்கவில்லை. அக்கா மட்டும் டிப்ளமோ. முதல் பட்டதாரி சலுகை கிடைக்குமா? வருமானச் சான்றிதழ் வேண்டுமா?

டிப்ளமோ பட்டம் ஆகாது, கேட்கலாம். வருமான வரம்பு கிடையாது. இ-சேவையில் விண்ணப்பிக்கும்போது தாத்தா, பாட்டி (இரண்டு பக்கமும்), அப்பா, அம்மா, உடன்பிறந்தவர்கள் என எல்லோருடைய படிப்பையும் கேட்பார்கள். வீட்டில் ஒருவருக்குத்தான் இந்தச் சலுகை. அக்கா ஏற்கெனவே வாங்கியிருந்தால் உங்களுக்கு இல்லை. உறுதிமொழிப் படிவத்தை மறக்காதீர்கள், சான்றிதழோடு அதையும் பதிவேற்ற வேண்டும். விண்ணப்பித்த மறுநாளே கைக்கு வரும் என்று இருந்துவிடாதீர்கள். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று படியேறி வர வேண்டிய தாள் அது. தேர்வு முடிந்த கையோடு போடுங்கள்.

ஓசூர் எல்லை: 8-லிருந்து 10 வரை பெங்களூரில் படித்தேன். 11, 12 ஓசூர். சொந்த ஊர் தர்மபுரி.

8 முதல் 12 வரை முழுக்கத் தமிழ்நாட்டில் படித்தவருக்கு இருப்பிடச் சான்றிதழ் வேண்டாம். உங்களுக்கு வேண்டும். சாதிச் சான்றிதழ் தமிழ்நாட்டில் வாங்கியதாக இருக்கட்டும். கர்நாடகத்தில் வாங்கியது இங்கே செல்லாது, ஓசி (பொதுப் பிரிவு) ஆக்கிவிடுவார்கள்.

பெயர் வேண்டாம்: நான் எம்பிசி. சாதியைப் போட்டால் ஓசி இடம் கிடைக்காது, அதனால் ஓசி என்றே போடு என்கிறார் மாமா.

மாமா சொல்வதைச் செய்யாதீர்கள். 31 சதவீதம் பொதுப் போட்டி, அது எல்லோருக்கும். மீதி 69-இல் பிசி 26.5, பிசி முஸ்லிம் 3.5, எம்பிசி மற்றும் சீர்மரபினர் 20, எஸ்சி 18 (அதில் அருந்ததியருக்கு 3), எஸ்டி 1. உங்கள் பட்டியலின் ஒவ்வொரு வரியிலும் கணினி முதலில் பொதுப் போட்டி இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லாவிட்டால் எம்பிசி இடத்தைப் பார்க்கும். ஓசி என்று போட்டால் அந்த இரண்டாவது கதவை நீங்களே சாத்துகிறீர்கள். விண்ணப்பக் கட்டணமும் உங்களுக்கும் ஓசிக்கும் ஒன்றுதான், 500 ரூபாய். எஸ்சி, எஸ்சிஏ (அருந்ததியர்), எஸ்டி பிரிவினருக்கு 250.

அரசுப் பள்ளி ஆசிரியை: அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள் வருவார்களா?

வரமாட்டார்கள் டீச்சர். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தில் தனியார் பள்ளியில் 8 வரை படித்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் வரலாம்.

உங்கள் பிள்ளைகளிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது இன்னொன்று. இவர்கள் பொதுப் பட்டியலிலும் இருப்பார்கள், 7.5 பட்டியலிலும் இருப்பார்கள். கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணத்தை அரசே கட்டுவது 7.5 ஒதுக்கீட்டில் சேர்ந்தவருக்குத்தான். இரண்டிலும் ஒரே மாதிரி இடம் வந்தால், பொதுவில் எடுப்பதுதான் பெருமை என்று எடுத்துவிட்டு, செமஸ்டர் பில் வந்ததும் முழிக்கக் கூடாது. ஒதுக்கீட்டு ஆணையில் எந்தப் பிரிவு என்று அச்சாகியிருக்கிறதோ, அதுதான் கணக்கு.

கட்டாஃப் 178: கணக்கு 90, இயற்பியல் 88...

மேலே முதல் பதில்.

சாய்ஸ் குழப்பம்: கட்-ஆஃப் 178. கோவை ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) மெக்கானிக்கல் ஆசை, ஆனால் கிடைக்காது என்று தெரியும். சேலம் அரசுக் கல்லூரியை முதலில் வைத்தால்தான் அதாவது நிச்சயம் கிடைக்கும் என்கிறார்கள். மேலே போடுபவர்களுக்கு முன்னுரிமையாம்.

இல்லை. பட்டியலில் எத்தனையாவது இடத்தில் வைத்தீர்கள் என்பதற்கு எந்த முன்னுரிமையும் இல்லை. கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வந்ததும் முதல் வரியைப் பார்க்கும். இடம் இல்லையா, அடுத்த வரி. அப்படியே இறங்கிக்கொண்டே போய், முதலில் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே நிற்கும். 5,000-ஆவது ரேங்க் சேலத்தை அறுபதாவது வரியில் வைத்திருக்கிறார், 5,001 அதை முதல் வரியில் வைத்திருக்கிறார் என்று வையுங்கள். மேலே 59-உம் நிரம்பிவிட்டால், சேலத்தில் மீதமிருக்கும் ஒரே இடம் 5,000-க்குத்தான்.

ஜிசிடியை மேலே வைப்பதால் சேலம் போகாது. சேலத்தை மேலே வைத்தால், ஜிசிடியில் இடம் இருந்தாலும் கணினி அதுவரை இறங்கி வராது.

பழைய கவுன்சலர்: சார், நீங்கள் ஏட்டில் இருப்பதைச் சொல்கிறீர்கள். இருபது வருடமாகப் பிள்ளைகளை அனுப்புகிறவன் நான். கிடைக்கிறதை முதலில் பிடி என்பதுதான் அனுபவம்.

2018-க்கு முன்னால் நீங்கள் சொன்னது சரி. அப்போது பிள்ளை கிண்டிக்கே நேரில் போனது. திரையில் காலியிடம் ஓடும், இருப்பதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். கிடைக்காததைப் பற்றிப் பேச்சே இல்லை. 2018-இல் ஆன்லைன் வந்ததும் காலியிடம் தெரியாமலேயே பட்டியல் கொடுக்கும் முறையானது. ஆட்டம் மாறிவிட்டது, அறிவுரை மாறவில்லை.

பழைய கவுன்சலர்: அப்படியானால் கண்டதையும் மேலே போட்டுவிட்டு வேண்டாத கல்லூரியில் போய் விழுந்தவர்கள் எத்தனை பேர்?

இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அது வேறு தவறு. கிடைக்காததை மேலே வைத்ததால் அவர்கள் விழவில்லை. விருப்பம் இல்லாததை மேலே வைத்ததால் விழுந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று முப்பதாவது வரியில் ஒரு கல்லூரி, அதற்குக் கீழே முப்பத்தைந்தாவது வரியில் உண்மையில் பிடித்தது. இரண்டிலும் இடம் இருந்தால் கணினி முப்பதைத்தான் கொடுக்கும்.

ஈரோடு மஞ்சள்: எனக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் எங்கே கிடைத்தாலும் சரி, அரசுக் கல்லூரி சிவிலும் சரி. எப்படி அடுக்குவது?

இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிடுங்கள். இந்த இரண்டு ஆணையும் ஒரே நாளில் கைக்கு வந்தால் எதை வாங்குவேன்? அது மேலே. முழுப் பட்டியலையும் இப்படி ஒரு தடவை ஓட்டிவிடுங்கள். எண்ணிக்கைக்கு உச்ச வரம்பு இல்லை, எழுபது எண்பது வரி போட்டாலும் தப்பில்லை. கடந்த ஆண்டு கட்-ஆஃபை வைத்துப் பட்டியல் எவ்வளவு கீழே நீள வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். வரிசையை அதைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். உங்கள் கட்-ஆஃபை விடக் கணிசமாகக் கீழே முடிந்த, ஆனால் நீங்கள் நிஜமாகவே சேரக்கூடிய கல்லூரிகள் கடைசியில் பத்தாவது இருக்கட்டும்.

பழைய கவுன்சலர்: சரி, பையன்கள் செய்து பார்த்து வந்து சொல்லட்டும்.

சொல்லட்டும்.

தூத்துக்குடி உப்பு: தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பல விருப்பங்கள் வருமாமே. எதைத் தொட வேண்டும்?

ஏற்றுச் சேர்வது என்றால் ஆணையை எடுத்துக்கொண்டு குறித்த நாளுக்குள் கல்லூரிக்குப் போய்ப் பணம் கட்டிச் சேர வேண்டும். ஏற்று மேல்நோக்கிக் காத்திருப்பது என்றால் இந்த இடம் கையில் இருக்கும், மேலே உள்ள வரிகளில் யாராவது சேராமல் விட்டால் அது உங்களுக்கு வரும். கல்லூரிக்குப் போகாமல் டிஎஃப்சி எனப்படும் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும். இங்கே இரண்டு பொறி இருக்கிறது. கட்ட வேண்டிய நாளைத் தவறவிட்டால் கையில் இருப்பதும் போகும். மேலே ஒன்று வந்துவிட்டால் பழையது தானாகவே போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. அதனால்தான் விருப்பம் இல்லாததை மேலே வைக்காதீர்கள் என்று மறுபடி மறுபடி சொல்கிறேன்.

மறுத்துவிட்டு மேல்நோக்கிக் காத்திருப்பது, கிடைத்த இடத்தில் எக்காரணம் கொண்டும் சேரமாட்டேன் என்பவருக்கு மட்டும். அடுத்த சுற்றுக்குப் போவதும் அப்படித்தான். முந்தைய சுற்றுகளில் எடுத்தது போக மிச்சம் இருப்பதுதான் அங்கே வரும். ஒன்றையும் தொடாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். உறுதிசெய்யாத இடம் உங்கள் இடம் அல்ல.

ஆம்பூர்: கம்ப்யூட்டர் சென்டர் அண்ணன் தன் மொபைல் எண்ணைப் போட்டே பதிவு செய்துவிட்டார். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று எப்படிச் சொல்வது! ஓடிபி அவருக்குப் போகும். பட்டியலை மாற்றுவது, ஒதுக்கீட்டை உறுதிசெய்வது எல்லாம் அவர் கையில். இன்றைக்கே டிஎஃப்சிக்குப் போய் எண்ணை மாற்றக் கேளுங்கள். எண்ணும் மின்னஞ்சலும் வீட்டில் இருப்பவருடையதாக இருக்கட்டும். கடவுச்சொல்லை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கல்லூரி ஏஜென்ட் யாராவது இலவசமாகச் சாய்ஸ் நிரப்பித் தருகிறேன் என்றால் கும்பிடு போட்டு அனுப்புங்கள். அவர் கல்லூரிதான் உங்கள் முதல் வரியாக இருக்கும்.

கனவு கிண்டி: போர்டில் அண்ணா பல்கலைக்கழகம் என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்றுதானே?

போர்டைப் பார்க்காதீர்கள், குறியீட்டு எண்ணைப் பாருங்கள். கிண்டி பொறியியல் கல்லூரி 1, ஏசி டெக் (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) 2, குரோம்பேட்டை எம்ஐடி 4. இவை பல்கலைக்கழகத் துறைகள். மதுரை, கோவை, திருநெல்வேலி மண்டல வளாகங்களும் ஆரணி, திண்டிவனம், பண்ருட்டி போன்ற உறுப்புக் கல்லூரிகளும் பல்கலைக்கழகத்தினுடையவைதான், ஆனால் கட்-ஆஃப் வேறு உலகம். மற்றவை இணைப்புக் கல்லூரிகள், பெரும்பாலும் தனியார். ஒரே கல்லூரிக்குள்ளும் சுயநிதிப் பிரிவு தனி வரியாக வரும், கட்டணம் கூடுதல். கிண்டியில் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியிலும் உண்டு, அதுவும் தனி வரி. பெயரைப் பாதி படித்துவிட்டு டிக் செய்தவர்கள் பிறகு டிஎஃப்சியில் வந்து நிற்கிறார்கள்.

இனி மிச்சம், ஒவ்வொரு வரியில்.

நீட் எழுதியவர்: மருத்துவத்துக்குத் தனிக் கவுன்சலிங். அங்கே கேளுங்கள்.

பி.ஆர்க்: நாட்டா போன்ற கட்டடக்கலைத் தகுதித் தேர்வு மதிப்பெண் வேண்டும், தனி விண்ணப்பம்.

திருச்சி என்ஐடி: ஜேஇஇ வழியாக. டிஎன்இஏ கட்-ஆஃபுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அரசுக் கலைக் கல்லூரி: அதற்கும் தனி இணையதளம். விண்ணப்பம் 48, பதிவு 2, ஆக 50 ரூபாய். எஸ்சி, எஸ்டிக்கு 2 மட்டும். இரண்டுக்கும் விண்ணப்பித்து வைப்பது நல்லது.

எஸ்சி மாணவர், தனியார் கல்லூரி: போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள். வருமானச் சான்றிதழை இப்போதே வாங்குங்கள்.

மேனேஜ்மென்ட் கோட்டா எது, கவர்ன்மென்ட் கோட்டா எது: சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீதமும் சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீதமும் கவுன்சலிங்குக்குத் தர வேண்டும். மிச்சம் அவர்களுடையது.

ரிசல்ட் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் (ஏழு பேர்): காத்திருக்காதீர்கள். பதிவு பொதுவாக மே தொடக்கத்தில் திறந்து ஜூன் முதல் வாரத்தில் மூடும்.

கட்டாஃப் 165, கட்டாஃப் 172.5, "அண்ணா ஒரு சின்ன டவுட்": முதல் பதில். முதல் பதில். முதல் பதில்.

விழுப்புரம்: தரவரிசைப் பட்டியலில் என் சமூகம் பிசி என்று வந்திருக்கிறது. நான் எம்பிசி. கவுன்சலிங் அன்று சொல்லிக்கொள்ளலாமா?

இப்போதே சொல்லுங்கள். பட்டியல் வந்த பிறகு குறை தெரிவிக்கச் சில நாட்கள் தருவார்கள், அதற்குள் அசல் சாதிச் சான்றிதழோடு டிஎஃப்சிக்குப் போங்கள். திருத்தியதும் புதுச் சமூக ரேங்க் வந்திருக்கிறதா என்று லாகின் செய்து பார்த்து, அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாய்ஸ் நிரப்பும் நாளில் இதைக் கேட்டுக்கொண்டு யாரும் என்னிடம் வராதீர்கள்.