‘எங்கள் தெரு தாங்காது’ என்றால் மட்டும் கோர்ட் நிறுத்துமா?

கேள்வி: சென்னையின் தென்புறநகரில், மாநகராட்சி எல்லைக்குள் நீண்ட காலமாகக் குடியிருக்கிறோம். எங்கள் சாலையில் பழைய லாரி ஷெட் இருந்த 2 ஏக்கர் இடத்தில் தரைக்கீழ் பார்க்கிங், ஸ்டில்ட் (தூண்கள் மட்டும் உள்ள திறந்த கீழ்த்தளம்), அதற்கு மேல் எட்டு மாடி, முன்பக்கம் கடைகள் என்று பெரிய அடுக்குமாடி வரப்போகிறது. 180 வீடுகள் என்கிறார்கள். அந்த இடத்துக்கு முன்னால் சாலை 40 அடி இருக்கிறது. ஆனால் மெயின் ரோட்டுக்குப் போகும் வழியில், 200 மீட்டர் தள்ளி, 24 அடியாகக் குறுகிவிடுகிறது. வேறு வழியும் கிடையாது. இப்போதே காலையில் ஸ்கூல் வேன்கள் மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆம்புலன்ஸ் வர முடியாமல் நோயாளியை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறோம். போன மாதம் இடத்தைச் சுற்றித் தகரம் அடித்துவிட்டார்கள். கேட்டால் ‘அப்ரூவல் வாங்கியாச்சு’ என்கிறார்கள். எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதி தரலாமா? கோர்ட்டுக்குப் போனால் நிறுத்த முடியுமா?
– ஒரு வாசகி

பதில்: வணக்கம் அம்மா. முதல் கேள்விக்கான பதில் உங்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும். கேட்காமல் தரலாம். தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் 49-ஆம் பிரிவின்படி திட்ட அனுமதிக்கு விண்ணப்பம் வந்தால், அக்கம்பக்கத்தாரை அழைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 180 குடும்பங்கள் குடியேறப் போகும் திட்டத்துக்கு அந்தச் சாலையில் வாழ்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. ஆனால் இன்றைய சட்டம் இதுதான்.

ஒரே ஒரு கட்டத்தில் உங்களைக் கேட்டாக வேண்டும். எந்தப் பகுதியில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் மாஸ்டர் பிளானில் ஓர் இடத்தின் நிலப் பயன்பாட்டை மாற்றும்போது, அதாவது தொழில் பகுதியை வணிகப் பகுதியாகவோ குடியிருப்புப் பகுதியாகவோ மாற்றும்போது, நாளிதழில் அறிவிப்பு கொடுத்து ஆட்சேபணை கேட்க வேண்டும். 2008-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது மாஸ்டர் பிளானில் உங்கள் லாரி ஷெட் எந்த வகையில் இருந்தது என்று சர்வே எண்ணை வைத்து முதலில் பாருங்கள். அன்று ஒரு வகையாக இருந்து இன்று வேறு வகையாக இருந்தால், அது எப்போது மாறியது, அறிவிப்பு எந்த நாளிதழில் வந்தது என்று கேட்டு வாங்குங்கள். மாற்றவே இல்லை, ஆனால் அந்த வகைக்குப் பொருந்தாத கட்டடத்துக்கு அனுமதி தந்திருக்கிறார்கள் என்றால், உங்கள் வழக்கில் பாதியை அங்கேயே ஜெயித்துவிட்டீர்கள்.

அடுத்தது நெரிசல். ‘டிராஃபிக் அதிகமாகும், எங்கள் தெரு தாங்காது’ என்று மட்டும் எழுதிக்கொண்டு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் பெரும்பாலும் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டியிருக்கும். நகரம் வளரும், தன் நிலத்தில் கட்டுவது உரிமையாளரின் உரிமை, எத்தனை வண்டி வரும் என்று நாங்கள் கணக்குப் போட முடியாது என்று நீதிபதிகள் சொல்வார்கள். அதே குறையை ‘இந்த விதி மீறப்பட்டிருக்கிறது’ என்று அளந்து காட்டினால் பேச்சு வேறு. உங்களிடம் அப்படி ஒரு விதி இருக்கிறது என்று நினைக்கிறேன். சாலையின் அகலம்தான் அது.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டருக்கு மேல் உயர்ந்தால் அது ‘உயரமான கட்டடம்’. ஸ்டில்ட்டும் எட்டு மாடியும் என்றால் நிச்சயம் அந்தக் கணக்கில் வரும். அப்படிப்பட்ட கட்டடத்துக்கு அடிப்படையாக 18 மீட்டர் சாலை வேண்டும். அதைவிடக் குறுகிய, ஆனால் குறைந்தது 12 மீட்டர் அகலமுள்ள சாலையிலும், எஃப்எஸ்ஐ எனப்படும் தளப்பரப்புக் குறியீட்டையும் (நிலப்பரப்பைப் போல எத்தனை மடங்கு தளப்பரப்பு கட்டலாம் என்ற கணக்கு) உயரத்தையும் குறைத்துக்கொண்டு அனுமதி தர இடம் இருக்கிறது. 40 அடி என்பது 12.2 மீட்டர். அதாவது உங்கள் சாலையின் 40 அடியை வைத்து மயிரிழையில்தான் இந்தத் திட்டம் விதிக்குள் நுழைந்திருக்கிறது.

ஆனால் விதி அதோடு நிற்கவில்லை. தேவையான அகலம் இடத்துக்கு முன்னால் மட்டும் இருந்தால் போதாது. இடத்தை ஒட்டிய சாலையில் குறைந்தது 500 மீட்டர் நீளத்துக்கு அந்த அகலம் இருக்க வேண்டும். உங்கள் சாலை 200 மீட்டரிலேயே 24 அடி, அதாவது சுமார் 7.3 மீட்டர் ஆகிவிடுகிறது என்கிறீர்கள். ‘ஓரிரு இடங்களில் சிறிய அளவில் அகலம் குறைந்தால் அதிகாரி கருத்தில் கொண்டு அனுமதிக்கலாம்’ என்று அதே விதியில் ஒரு விலக்கு உண்டு. எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். 12 மீட்டர் வேண்டிய இடத்தில் 7.3 மீட்டர் இருப்பதை ‘சிறிய குறைவு’ என்று எந்த அர்த்தத்திலும் சொல்ல முடியாது என்பதே உங்கள் வாதத்தின் உயிர்நாடி. இந்த விதிகள் அடிக்கடி திருத்தப்படுகின்றன. விண்ணப்பம் கொடுத்த தேதியில் எது நடைமுறையில் இருந்ததோ அந்த வாசகத்தை எடுத்துப் படிக்கச் சொல்லி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அதனால் மனு எழுதுவதற்கு முன்னால் சாலையை அளக்க வேண்டும். டேப்பைப் பிடித்து மதிலிலிருந்து மதிலுக்கு நீங்களே அளந்தால் அது சாட்சியமாகாது. உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து, இடத்தின் வாசலிலிருந்து மெயின் ரோடு வரை ஒவ்வொரு 20 மீட்டருக்கும் அகலத்தைக் குறித்து, தேதியுடன் வரைபடமும் போட்டோவும் வாங்குங்கள். கூடவே எஃப்எம்பி எனும் புலப்படத்தையும் நகர நில அளவைப் பதிவேட்டையும் எடுங்கள். இங்கே ஒரு முக்கியமான கிளைக் கேள்வி இருக்கிறது. அந்த 24 அடி, ஆவணத்திலேயே 24 அடியா, இல்லை ஆவணத்தில் 40 அடி இருந்து ஆக்கிரமிப்பால் 24 ஆனதா? ஆவணத்திலேயே 24 என்றால் உங்கள் கை ஓங்கும். ஆக்கிரமிப்பு என்றால் ‘சாலை 40 அடிதான், மாநகராட்சி எடுத்துத் தரட்டும்’ என்று கட்டுமான நிறுவனம் சொல்லும், அதில் நியாயமும் இருக்கும். அப்போது உங்கள் கோரிக்கை, ஆக்கிரமிப்பை அகற்றிய பிறகுதான் கட்டடத்தில் ஆட்களைக் குடிவைக்க வேண்டும் என்று மாற வேண்டும். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். உங்கள் சாலையில் யார் வீட்டுப் படிக்கட்டாவது, கார் ஏறும் சாய்தளமாவது சாலைக்குள் நீண்டிருந்தால், வழக்குப் போடுவதற்கு முன்னால் அதை இடித்துவிடுங்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் காட்டப்போகும் போட்டோ அதுதான்.

சரி, அவர்கள் சொல்லும் ‘அப்ரூவல்’ எங்கே? 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், ராஜேந்திர குமார் பர்ஜாத்யா வழக்கில், கட்டுமானம் நடக்கும் காலம் முழுவதும் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தை இடத்தில் வைத்திருக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமாக உத்தரவிட்டிருக்கிறது. அது இல்லையென்றால் அதையே ஒரு புகாராக எழுதுங்கள். அப்புறம் ரெரா, அதாவது வீடு கட்டி விற்பவர்களை ஒழுங்குபடுத்தும் ரியல் எஸ்டேட் ஆணையம். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டு வீடுகளுக்கு மேல் கட்டி விற்பவர்கள் ரெராவில் பதிவு செய்தாக வேண்டும். தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் அந்தத் திட்டத்தின் அனுமதி விவரங்களைப் பார்க்கலாம். மீதியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேளுங்கள்: திட்ட அனுமதி, அதன் நிபந்தனைகள், தள ஆய்வு அறிக்கை, சாலை அகலம் எத்தனை மீட்டர் என்று கோப்பில் குறித்திருக்கிறார்கள் என்பது, போக்குவரத்துக் காவல்துறையும் தீயணைப்புத் துறையும் கொடுத்த தடையின்மைச் சான்றுகள். 30 நாளில் பதில் வர வேண்டும். தள ஆய்வு அறிக்கையில் ‘சாலை அகலம் 12.2 மீட்டர்’ என்று ஒரே ஓர் எண் மட்டும் இருந்து, 500 மீட்டர் பற்றிப் பேச்சே இல்லையென்றால், அதிகாரி விதியைப் பொருத்திப் பார்க்கவில்லை என்பதற்கு அதுவே ஆதாரம்.

சுற்றுச்சூழல் அனுமதியையும் பாருங்கள். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால், வேலை தொடங்கும் முன்பே அந்த அனுமதி வேண்டும். எல்லாத் தளங்களோடு தரைக்கீழ்ப் பகுதியும் பிற சேவைப் பகுதிகளும் இந்தக் கணக்கில் சேரும். எஃப்எஸ்ஐ கணக்கில் சேராத பார்க்கிங் தளம் இங்கே சேரும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உங்கள் 2 ஏக்கர் சுமார் 8,090 சதுர மீட்டர். எஃப்எஸ்ஐ 2 என்று வைத்தாலே 16,000-ஐத் தாண்டுகிறது. தரைக்கீழ்த் தளத்தையும் கட்டணம் செலுத்தி வாங்கும் கூடுதல் எஃப்எஸ்ஐயையும் சேர்த்தால் 20,000 சுலபமாக வந்துவிடும். கட்டடத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கிடையாது என்றாலும், விண்ணப்பத்தோடு தரும் படிவம் 1ஏ-வில் பார்க்கிங் பற்றாக்குறை வருமா, இப்போதுள்ள போக்குவரத்து வசதி எப்படி, நுழைவாயிலிலும் வெளியேறும் வழியிலும் வண்டிகளை எப்படிச் சமாளிப்பீர்கள் என்று நேரடியாகவே கேட்டிருக்கிறார்கள். சுற்றுச்சூழல் அனுமதிகளுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் அந்தப் படிவத்தைத் தேடி, அதில் எழுதியிருப்பதையும் உங்கள் சர்வே வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனுமதி தரப்பட்டிருந்தால் 30 நாளுக்குள் சென்னையிலுள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாள் வரை அனுமதிப்பார்கள், அதற்கு மேல் கிடையாது. அனுமதி வாங்காமலே வேலை தொடங்கியிருந்தால் அதையும் அங்கேயே கொண்டுபோகலாம்.

கோர்ட்டுக்கு எப்போது போவது? முதலில் சிஎம்டிஏ உறுப்பினர்-செயலருக்கு ஆதாரங்களோடு எழுத்து மூலம் மனு கொடுங்கள். நகலை மாநகராட்சி ஆணையருக்கும் போக்குவரத்துக் காவல்துறைக்கும் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரமாக வையுங்கள். 49-ஆம் பிரிவு, அனுமதி தருமுன் ‘அந்த நோக்கத்துக்கு அந்த இடம் பொருத்தமானதா’ என்று பார்க்கச் சொல்கிறது. மனுவில் அதைக் குறிப்பிட்டு, 500 மீட்டர் விதியை எழுதி, ஆம்புலன்ஸ் சம்பவத்தைத் தேதியோடு சொல்லுங்கள். பதில் வராவிட்டால், மனுவைக் குறிப்பிட்ட வாரங்களுக்குள் பரிசீலித்து முடிவெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அனுமதி ஆணை கைக்குக் கிடைத்துவிட்டால் 79-ஆம் பிரிவின்படி அரசிடம் மேல்முறையீடு செய்யும் வழியும் உண்டு. அதற்குக் காலக்கெடு இருக்கிறது, தள்ளிப்போடாதீர்கள். விதிமீறல் ஆவணத்திலேயே பளிச்சென்று தெரிந்தால் நேரடியாக அனுமதியை எதிர்த்தே ரிட் தாக்கல் செய்யலாம்.

‘உங்களுக்கு என்ன உரிமை’ என்று கேட்பார்கள். அதற்கான பதிலை உச்ச நீதிமன்றம் 1974-லேயே கே. ராமதாஸ் ஷெனாய் வழக்கில் சொல்லிவிட்டது. உடுப்பியில் ஒரு குடியிருப்புப் பகுதியில், நகரத் திட்டத்துக்கு மாறாகத் திரையரங்குக்கு நகராட்சி அனுமதி கொடுத்தது. அங்கே குடியிருந்தவர் எதிர்த்தார். சட்டவிரோதக் கட்டடம் அந்தப் பகுதியில் வாழ்பவர்களின் உரிமையைப் பாதிக்கிறது, அவர்கள் வழக்குப் போடலாம் என்றது நீதிமன்றம். கட்டுபவர் பணம் செலவழித்துவிட்டார் என்பதற்காக விதிமீறலை விட்டுவிட முடியாது என்றும் சொன்னது. இருந்தாலும் இதை நம்பித் தாமதிக்காதீர்கள். தகரம் அடித்த நிலையில் வரும் மனுவுக்கும் நான்காம் மாடி எழும்பிய பிறகு வரும் மனுவுக்கும் இடைக்காலத் தடை விஷயத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. சிவில் கோர்ட்டில் இன்ஜங்ஷன் (தடையுத்தரவு) கேட்கலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 101-ஆவது பிரிவைக் காட்டி, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றே வருடங்களை ஓட்டிவிடுவார்கள்.

எதிர்பார்ப்பை இப்போதே சரிசெய்துகொள்ளுங்கள். அந்த இடம் என்றைக்கும் காலியாக இருக்கும் என்ற தீர்ப்பு வராது. வெற்றி என்றால் உயரம் 18.30 மீட்டருக்குள் குறைவது, வீடுகளின் எண்ணிக்கை குறைவது, கடைகளுக்கு உள்ளேயே பார்க்கிங், சாலையை அகலப்படுத்த ஒரு பட்டை நிலத்தைத் தானப் பத்திரமாக எழுதித் தருவது என்ற வடிவில்தான் வரும். இவை ஒவ்வொன்றும் உங்கள் காலை நேரத்தை மாற்றும். கட்டுமான லாரிகள் பள்ளி நேரத்தில் வரக்கூடாது என்பதற்கு வழக்கே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 115-ஆவது பிரிவில் வாகனங்களைக் கட்டுப்படுத்த அதிகாரம் இருக்கிறது, போக்குவரத்துக் காவல்துறையிடம் இப்போதே கேளுங்கள்.

கோபத்தில் லாரிகளை மறித்து உட்கார வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதா 126-ஆவது பிரிவில் (சட்டவிரோதமாக வழிமறித்தல்) உங்கள் மேல் வழக்கு வந்தால், ரிட்டில் நீங்கள் சொல்லும் நியாயம் பின்னால் போய்விடும். கூடிய சீக்கிரம் உங்கள் நலச்சங்கத்தை யாராவது தேடி வருவார்கள். தெருவுக்கு சிசிடிவி, பூங்காவுக்கு பெஞ்ச் என்று பேசுவார்கள். பேசுங்கள், தவறில்லை. ஆனால் ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்ற ஒரு வரியில் மட்டும் சங்கத் தலைவரோ செயலாளரோ கையெழுத்துப் போடக்கூடாது என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிவையுங்கள்.