இறைச்சி விற்கும் கடையில் வீகன் பர்கர் வாங்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் என் மகள், பால், தயிர் உட்பட விலங்குகளிடமிருந்து கிடைக்கும் எதையும் உண்பதில்லை. தோழிகளுடன் பர்கர் கிங் சென்றால் மட்டும் தாவரப் புரதத்தில் செய்த இம்பாசிபிள் வாப்பர் வாங்கிச் சாப்பிடுகிறாள். "மாட்டிறைச்சி விற்கிறவனிடமே காசைக் கொடுத்துவிட்டு என்ன கொள்கை?" என்று தம்பி கேலி செய்கிறான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: என் கணிப்பில் மகள் செய்வதில் தவறில்லை. தம்பியின் வாதத்தை அப்படியே ஏற்றால், இறைச்சிப் பிரிவு உள்ள பல்பொருள் அங்காடியில் அவள் அரிசியும் பருப்பும்கூட வாங்க முடியாது. 1944-இல் இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட வீகன் சங்கமே, விலங்குகளைச் சுரண்டுவதை இயன்றவரை, நடைமுறைக்கு ஒத்துவரும் அளவுக்குத் தவிர்ப்பதுதான் வீகன் வாழ்க்கை என்று வரையறுக்கிறது.

அதற்காக, அங்கே பர்கர் வாங்குவதை ஒரு போராட்டமாகவும் நினைக்க வேண்டாம். தாவர பர்கர் வந்துவிட்டது என்பதற்காக இந்த நிறுவனங்கள் மாட்டிறைச்சியைக் கைவிட்டுவிடவில்லை. ஆனால் விற்காத பண்டத்தை அவை தயங்காமல் நீக்கிவிடுகின்றன. மெக்டொனால்ட்ஸ் 2022-இல் சான் பிரான்சிஸ்கோ, டல்லாஸ் வட்டாரங்களில் விற்றுப் பார்த்த மெக்பிளான்ட் பர்கர், எதிர்பார்த்த அளவு விற்காததால் அமெரிக்காவில் தொடரவில்லை. ஆகவே, மகள் கொடுக்கும் காசு அந்தப் பண்டம் பட்டியலில் நீடிக்க ஓரளவு உதவும். அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதே தெருவில் கட்டுப்படியாகும் விலையில் முழு வீகன் உணவகம் இருந்தால், அங்கே செலவழிப்பதே மேல் என்பேன்.

கடையைவிடத் தட்டில் வருவதைத்தான் அவள் கவனிக்க வேண்டும். இம்பாசிபிள் வாப்பரில் வழக்கமாகத் தடவித் தரும் மயோனைஸில் முட்டை உண்டு. வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாட்டிறைச்சி வேகும் அதே தீயடுப்பில்தான் இதையும் வாட்டுகிறார்கள் என்று வாடிக்கையாளர் ஒருவர் 2019-இல் வழக்கே தொடர்ந்தார். தனி அடுப்பில் சமைப்பதாக நிறுவனம் வாக்களிக்கவில்லை என்று நீதிமன்றம் அடுத்த ஆண்டு அதைத் தள்ளுபடி செய்தது. நம் சைவக் குடும்பங்களில் பாத்திரம் கலந்தாலே மனம் ஒப்பாது. அது ஆசாரம் சார்ந்தது. அடுப்பில் ஒட்டிய கொழுப்பால் இன்னோர் உயிர் கொல்லப்படுவதில்லை என்பதால், வீகன் கொள்கைக்கு அது பெரிய தடையாகாது. அருவருப்பாக இருந்தால், தீயடுப்பில் வாட்டாமல் வேறு முறையில் சமைத்துத் தரும்படி அவள் கேட்கலாம்.

இதைவிட எளிதில் ஏமாற வைப்பது உருளைக்கிழங்கு வறுவல். மெக்டொனால்ட்ஸ் 1990-இல் தாவர எண்ணெய்க்கு மாறுவதாக அறிவித்தபோது, வறுவலும் சைவமாகிவிட்டதென்று அமெரிக்க இந்துக்கள் பலர் நம்பினார்கள். அதில் மாட்டிறைச்சிச் சாற்றின் சுவையூட்டி சேர்வது பின்னர் தெரியவந்து, 2001-இல் வழக்குகள் தொடரப்பட்டன. மறு ஆண்டு நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இந்து, சைவ உணவு அமைப்புகள் உள்ளிட்டவற்றுக்கு 1 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. ஆனாலும் அமெரிக்க வறுவலில் அந்தச் சுவையூட்டி தொடர்கிறது. இந்தியாவில் விற்பதில் கிடையாது. இங்கே சாப்பிட்ட பழக்கத்தில் அங்கேயும் வாங்கிவிட வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.