குழுக்கடனை அடைக்க நான்காவது கடன் வாங்கலாமா?

கேள்வி: கணவர் விசைத்தறித் தொழிலாளி. தறி சரியாக ஓடாததால் மாதம் 13,000 ரூபாய்தான் வருகிறது. தையலில் நான் 5,000 சம்பாதிக்கிறேன். மூன்று குழுக்கடன்களுக்குத் தவணை மாதம் 10,400 ரூபாய். அதில் ஒன்று அவருக்குத் தெரியாமல் வாங்கியது. வீட்டில் தினமும் சண்டை. மகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்தச் சொல்கிறார். இன்னொரு கடன் வாங்கி நிலுவையைக் கட்டிவிடலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. தவணை போக உங்கள் கையில் நிற்பது 7,600 ரூபாய். அதில் வாடகையும் அரிசியும் மருந்தும் அடங்காது. உங்கள் வீட்டுச் சண்டைக்கு யாருடைய குணமும் காரணமல்ல. இந்தக் கணக்குதான் காரணம்.

2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, குழுக்கடன் போன்ற நுண்கடன் கொடுக்கும்போது குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் எல்லோரையும் ஒரே குடும்பமாக வைத்துத்தான் இந்தக் கணக்கு. உங்களுக்குப் பாதி என்பது 9,000. அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். விதியை மதிக்கும் நிறுவனம் இனி உங்களுக்குக் கடன் தராது. தண்டல்காரரும் மீட்டர் வட்டிக்காரரும் தருவார்கள். அவை இரண்டும் தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள்.

முதலில் கணவரிடம் சொல்லுங்கள். வாசலில் வந்து நிற்கும் வசூல்காரர் வாயால் அவர் இதைக் கேட்பதுதான் பெரிய அவமானம். பல வீடுகள் உடைவது அங்கேதான். வசூல் நாளாக இல்லாத ஒரு மாலையில் மூன்று கடன் அட்டைகளையும் அவர் முன் வைத்துக் கணக்கைப் பேசுங்கள். அடிப்பார் என்ற பயம் இருந்தால் தனியாகப் பேச வேண்டாம். நம்பிக்கையான பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181.

பணம் இல்லாத வாரத்திலும் குழுக் கூட்டத்துக்குப் போய்விடுங்கள். தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால், வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ வந்து கேட்க விதி இடம் தருகிறது. மறைந்திருப்பது அவர்களை வீட்டுக்கு அழைப்பதற்குச் சமம். தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேட்டு, நகலில் கையொப்பம் வாங்குங்கள். தாமத அபராதத்தைத் தவறிய தொகைக்கு மட்டுமே போடலாம். முழுக் கடனுக்கும் போட முடியாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைப்பது, திட்டுவது, உறவினரைத் தொந்தரவு செய்வது எல்லாம் விதிமீறல். நிறுவனத்திடம் புகார் கொடுத்து 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம். விவரம் கேட்க 14448.

மகளை நிறுத்த வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவருடைய வங்கிக் கணக்குக்கே வரும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்றால் இந்த வாரமே கல்லூரி அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள்.