அந்த டீக்கடையில் அவர் உட்கார்ந்தாரா?

கேள்வி: எனக்கு 49 வயது, மனைவிக்கு 44. மதுரை கே.புதூரில் குடியிருக்கிறோம். எனக்கு பிரஷர், அவளுக்கு சர்க்கரை. தை மாதம் ஆளுக்கொரு கியர் சைக்கிள் வாங்கி, ஞாயிறுதோறும் ரைடு போகும் ஒரு குழுவில் சேர்ந்தோம். காலை ஐந்து மணிக்குக் கிளம்பி அழகர்கோவில் போய், டீ குடித்துவிட்டுத் திரும்புவோம். நான் நன்றாகத் தேறிவிட்டேன், முக்கால் மணி நேரத்தில் போய்விடுவேன். அவளுக்கு ஒரு மணி நேரம் தாண்டிவிடும். நாங்கள் டீ குடித்து முடித்துக் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவாள். எல்லோரும் கைதட்டி உற்சாகப்படுத்துவோம். அப்படியும் ஆடி பிறந்ததிலிருந்து வர மறுக்கிறாள். முட்டி வலிக்கிறது, மாவு ஆட்டணும், கறி எடுக்கணும் என்று வாரம் ஒரு காரணம். மார்கழியில் பி.ஆர்.எம். என்கிற, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய 200 கிலோமீட்டர் நெடுந்தூர சைக்கிள் ரைடை இருவரும் ஜோடியாக முடிக்க வேண்டும் என்பது என் ஆசை. எடை குறைந்த, விலை கூடிய சைக்கிள் வாங்கிக் கொடுத்தால் அவளுக்கு ஆர்வம் திரும்புமா?
– பெயர் வேண்டாம், மதுரை.

பதில்: தம்பி, சைக்கிள் வாங்காதீர்கள். காசு வீண்.

உங்கள் கடிதம் எனக்குப் பழகிய கடிதம்தான். சைக்கிள் இருக்கிற இடத்தில் நடைப்பயிற்சி இருக்கும், யோகா இருக்கும், பழனி பாதயாத்திரை இருக்கும். “நான் தேறிவிட்டேன், அவள் வர மாட்டேன் என்கிறாள்” என்பது மட்டும் மாறாது. ஆனால் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். “நாங்கள் டீ குடித்து முடித்துக் கிளம்பும் நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவாள்.” அதிலேயே உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

அவர் உட்கார்ந்தாரா, தம்பி? அந்த டீக்கடை பெஞ்சில் தை முதல் ஆனி வரை ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது உங்கள் மனைவி உட்கார்ந்தாரா? ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டே பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு, உங்கள் பின்னாலேயே சைக்கிளைத் திருப்பியிருப்பார். முதலில் போன உங்களுக்கு இருபது நிமிட ஓய்வு, டீ, வடை, பேச்சு. அதிகம் களைத்து வந்தவருக்கு ஒன்றும் கிடையாது. போகவர 34 கிலோமீட்டர், இடைவெளியே இல்லாமல். குழுவிலேயே கடினமான ரைடு ஓட்டியது அவர்தான். அவரைத்தான் நீங்கள் ஆர்வம் இல்லாதவர் என்று எழுதுகிறீர்கள்.

அப்புறம் அந்தக் கைதட்டல். கடைசியாக வருகிற பெண்ணைப் பார்த்துப் பத்துப் பேர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே கை தட்டினால் அவருக்கு என்ன கேட்டிருக்கும்? “வந்தாச்சா, சரி கிளம்பலாம்” என்றுதான் கேட்டிருக்கும். கைதட்டியதற்குப் பதில் கடைக்காரரிடம் “இன்னும் ஒரு டீ, சீனி இல்லாமல்” என்று ஒருவர் சொல்லியிருக்கலாம். அந்த ஒருவர் நீங்களாக இருந்திருக்க வேண்டும்.

சைக்கிளில் வேகம் கூடக் கூட, சமதளத்தில் காற்றைத் தள்ளுவதுதான் பெரிய வேலை. முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் அந்த வேலை கணிசமாகக் குறையும். குழுவாகப் போவதன் லாபமே அதுதான், இது உங்களுக்கும் தெரியும். நீங்கள் பத்துப் பேரும் மாறி மாறி ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்கிக்கொண்டீர்கள். உங்கள் மனைவி மட்டும் காற்றைத் தனியாக வாங்கிக்கொண்டு வந்தார். ஆடிக் காற்று தொடங்கியதும் அவர் நின்றுபோனதில் என்ன ஆச்சரியம்?

அதோடு இருட்டு. ஐந்து மணிக்குக் கிளம்பி மூன்றுமாவடி தாண்டி, கடச்சனேந்தல் தாண்டி, அப்பன் திருப்பதிப் பக்கம் வரும்போது ஒரு பெண் அந்த ரோட்டில் தனியாக வருகிறார். நாய் துரத்தினால் யார் இருக்கிறார்கள்? டயர் பஞ்சரானால்? பம்பும் மாற்று டியூபும் யார் பையில் இருந்தன? உங்கள் பையில் என்றால் அவை ஐந்தாறு கிலோமீட்டர் முன்னால் போய்விட்டன. ஒழுங்காக நடக்கும் குழுக்களில் கடைசி ஆளுக்கும் பின்னால் பொறுப்பான ஒருவர் வருவார், ஸ்வீப் என்பார்கள். வழி தெரிந்தவர், பஞ்சர் பார்க்கத் தெரிந்தவர். இது வேகமான ரைடு, இது யாரையும் விட்டுப் போகாத ரைடு என்று முந்தின நாளே பிரித்துச் சொல்லிவிடுவார்கள். உங்கள் குழுவில் ஸ்வீப் இல்லை என்றால் அது குழுவின் குறை. ஆனால் குழுவில் சேருவதற்கு எத்தனையோ வருஷம் முன்னாலேயே அந்த வேலைக்கு நீங்கள் தாலி கட்டி ஒப்புக்கொண்டவர். அதை எந்தக் குழுத் தலைவர் மேலும் தள்ள முடியாது.

சர்க்கரை என்று ஒற்றை வார்த்தையில் கடந்துவிட்டீர்கள். என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று எழுதவில்லை. சர்க்கரைக்கான சில மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும், இன்சுலின் போடுபவர்களுக்கும், வெறும் வயிற்றில் இவ்வளவு நேரம் உழைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கலாம். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருட்டும். லாரி போகிற ரோட்டில் சைக்கிள் மேல் அது நடக்கக் கூடாது. கிளம்பும் முன் என்ன சாப்பிடலாம், மாத்திரை நேரத்தை மாற்ற வேண்டுமா என்று அவருடைய டாக்டரிடம் கேளுங்கள், கூடவே நீங்களும் போய் உட்கார்ந்து கேளுங்கள். குளுக்கோஸ் பாக்கெட் அவர் பையில் இருக்கட்டும், உங்கள் பையில் வேண்டாம்.

நீங்கள் ஓட்டும் அதே ரோட்டில்தான் சித்திரையில் அழகர் வருகிறார். மண்டகப்படி மண்டகப்படியாக நின்று நின்று வருவதற்குள் தங்கை மீனாட்சியின் கல்யாணம் முடிந்துவிடுகிறது. காத்திருக்காமல் தாலி கட்டிவிட்டார்களே என்ற கோபத்தில் ஊருக்குள் வராமல் ஆற்றோடு வண்டியூருக்குத் திரும்பிவிட்டார் என்றுதான் நம் வீட்டுப் பெரியவர்கள் கதை சொல்வார்கள். மதுரைக்காரருக்கு நான் இதைச் சொல்ல வேண்டியதில்லை. சாமிக்கே அவ்வளவு கோபம் வந்தது என்று வருஷா வருஷம் கேட்டு வளர்ந்தவர், உங்கள் வீட்டில் ஒருவர் கோபித்துக்கொண்டு மாவாட்டப் போனதை ஏன் சோம்பல் என்று நினைத்தீர்கள்?

அந்த 200 கிலோமீட்டர் விஷயத்துக்கு வருகிறேன். பி.ஆர்.எம். பிரான்சிலிருந்து வந்த முறை. போட்டி இல்லை. 200 கிலோமீட்டருக்கு 13 மணி 30 நிமிடம் கொடுக்கிறார்கள். வகுத்துப் பாருங்கள், நிற்பது, சாப்பிடுவது எல்லாம் சேர்த்து மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர்கூட வராது. கே.புதூரிலிருந்து அழகர்கோவில் ஏறக்குறைய 17 கிலோமீட்டர். அதை ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலே, தனியாக, இருட்டில், எதிர்க்காற்றில் ஓட்டுகிறவர் மணிக்குப் பதினைந்து, பதினாறு போகிறார். நீங்கள் ஆசைப்படும் ரைடுக்கு வேண்டிய நிதானம் உங்களைவிட அவரிடம்தான் இருக்கிறது. இதைச் சொல்லி அவரை மார்கழிக்கு இழுக்கலாம் என்று நினைக்காதீர்கள். அது உங்கள் ஆசை. அவருடைய ஆசை என்ன என்று கடிதம் முழுக்கத் தேடினேன், ஒரு வரிகூட இல்லை.

முட்டி வலியைச் சாக்கு என்று ஒதுக்காதீர்கள். சீட்டு உயரத்தைப் பாருங்கள். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயத்தில் இரண்டு காலும் தரையில் எட்டும்படி சீட்டை இறக்கி வைத்துக்கொள்வார்கள். அப்படி ஓட்டினால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். அவர் சீட்டில் உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நீண்டிருக்க வேண்டும். முன்பாதத்தை வைத்து ஓட்டும்போது முட்டி லேசாக மடங்கியிருக்கும், அதுதான் அளவு. ஒரேயடியாக உயர்த்த வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். உட்காருகிற இடம் வலித்தால் அகலமான சீட்டு ஒன்று மாற்றுங்கள். கனமான கியரில் மிதிக்காமல், லேசான கியரில் காலைச் சுற்றச் சொல்லுங்கள். இதை ஆறு மாதத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டும்.

உங்கள் மனைவி இதைப் படித்தால் அவருக்கும் ஒரு வார்த்தை. அம்மா, கறியையும் மாவையும் சாக்காகச் சொல்லியிருக்க வேண்டாம். “என்னை விட்டுவிட்டுப் போனீர்கள்” என்று முதல் ஞாயிறே சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் திருந்தக்கூடியவர் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் எனக்கு எழுதியிருக்க மாட்டார்.

தம்பி, அவர் திரும்ப ஓட்ட வருவாரா என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். வந்தால் இனி அவர் முன்னால், நீங்கள் பின்னால். “இன்னும் கொஞ்சம் மிதி” என்று பின்னாலிருந்து குரல் கொடுக்கக் கூடாது. எங்கே போவது, எங்கே திரும்புவது, எவ்வளவு நேரம் உட்காருவது மூன்றும் அவர் இஷ்டம். ஒத்தக்கடை நரசிங்கம் வரை போய் ஆனைமலையைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினாலும் அது ரைடுதான். குழுவோடு போக அவருக்கே விருப்பம் வந்தால், கடைசி ஆள் டீ குடித்து எழுந்த பிறகுதான் எல்லோரும் கிளம்புவது என்று குழுவில் நீங்கள் வாய் திறந்து பேசுங்கள். முடியாது என்றால் வேறு குழு பாருங்கள். வேகமாக ஓட்ட ஆசையா, வாரநாளில் ஒரு காலை தனியாகப் போய் ஓட்டுங்கள். யாரும் தடுக்கவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை வர மாட்டேன் என்று குழுவுக்குச் சனிக்கிழமையே சொல்லிவிடுங்கள். அன்றைக்குக் கறி எடுக்க நீங்கள் போங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ரோட்டில் தனியாக வந்தபோது எப்படி இருந்தது என்று கேளுங்கள். குறுக்கே பேசாமல் முழுக்கக் கேளுங்கள். மார்கழி ரைடுக்கு அவரைக் கேட்காமல் பெயர் கொடுத்திருந்தால், அதற்கு முன்னாலேயே அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.