1830 என்று போட்டிருந்தால் 1830தானா?

கேள்வி: பாட்டியின் தகரப் பெட்டியில் ஒரு மாதா பதக்கம் கிடைத்தது. மாதாவின் காலடியில் 1830 என்று போட்டிருக்கிறது. சுற்றிலும் ஆங்கில எழுத்து. பின்புறம் ஓரமாக, பொடி எழுத்தில் இத்தாலி என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. எடையே தெரியவில்லை, காகிதம் மாதிரி இருக்கிறது. கிட்டத்தட்ட 200 வருடப் பொருள் என்கிறார் மாமா. விற்றால் என்ன கிடைக்கும்?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: மாமாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், அம்மா. நானும் அதே குழியில் விழுந்தவன்தான். இருபத்தேழு வயதில், ஒரு பழைய சாமான் கடையில் இதே 1830-ஐப் பார்த்துவிட்டு, பாதிச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கி வந்தேன். பட்டறையில் அப்பா அதை உள்ளங்கையில் வைத்து ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். "சோத்துக் குண்டான் செய்யுற சாமான்டா இது" என்றார். அவ்வளவுதான், திரும்பிக் கம்பி இழுக்கப் போய்விட்டார்.

1830 என்பது அச்சடித்த வருடம் இல்லை, காட்சி நடந்த வருடம். பாரிஸில் ரூ தியு பாக் தெருவில் பிறரன்புப் புதல்வியர் சபையின் மடம் இருக்கிறது. அங்கே நவசந்நியாசியாக, அதாவது கன்னியாஸ்திரி ஆவதற்குப் பயிற்சியில் இருந்த கத்தரீன் லபூரே, அந்த வருடம் நவம்பர் 27 அன்று மாதாவைக் கண்டதாகச் சொன்னார். உருண்டையின் மேல் நிற்கும் மாதா, காலடியில் பாம்பு, விரித்த கைகளிலிருந்து கதிர்கள். மறுபக்கம் சிலுவையோடு பின்னிய ஆங்கில 'எம்' எழுத்து, கீழே இரண்டு இருதயங்கள்: ஒன்றைச் சுற்றி முள்முடி, மற்றதில் வாள். இந்த மாதிரியில் பதக்கம் செய்யச் சொல்லி உத்தரவு என்றார். ஆன்ம குரு அலடேல் சாமியார் உடனே நம்பவில்லை. கடைசியில் பாரிஸ் பேராயரிடம் போய் அனுமதி வாங்கினார். வஷேத் என்ற பொற்கொல்லர் 1832-இல் முதல் பதக்கங்களை அடித்துக் கொடுத்தார். அதே வருடம் பாரிஸில் காலரா. கன்னியர்கள் நோயாளிகளுக்குக் கொடுத்த பதக்கத்தைப் பற்றி ஊரெல்லாம் கதை பரவி, சனங்களே வைத்த பெயர்தான் 'புதுமைப் பதக்கம்'. புதுமை என்றால் இங்கே அற்புதம். காட்சி கண்டது யார் என்பது மட்டும் வெளியே வரவில்லை. முதியோர் இல்லத்தில் கிழவர்களுக்குப் பணிவிடை செய்துகொண்டு 46 வருடம் வாய் திறக்காமல் இருந்து, 1876-இல் செத்துப்போனார் அந்த அம்மா. எனக்கு அந்தப் பதக்கத்தைவிட இந்த மௌனம்தான் பெரிய புதுமை.

சுற்றி எழுதியிருப்பது, பாவமின்றி உற்பவித்த மரியாயே, உம்மை அண்டி வரும் எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்பது. ஜெபமாலையில் 'ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்த' என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். மாதா ஜென்மப் பாவமில்லாமல் கருவானார் என்பதை ரோமாபுரி விசுவாச சத்தியமாக அறிவித்தது 1854-இல். பதக்கம் அதற்கு இருபத்திரண்டு வருடம் முந்திக்கொண்டது.

சரி, உங்கள் பதக்கத்துக்கு வருவோம். எடையில்லை என்றால் அலுமினியம். 1886-இல் மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் முறை வந்த பிறகுதான் அது மலிவானது. அதற்கு முன்பு அதில் சாமானியர் கழுத்துக்குப் பதக்கம் அடிக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. இன்னொரு துப்பு அந்த ஓர எழுத்து. இத்தாலிக்காரன் தனக்காக எழுதினால் இத்தாலியா என்றுதான் எழுதுவான். வெளியிலிருந்து வரும் சரக்கில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்று 1890-இல் அமெரிக்கா சட்டம் போட்டது. ஏற்றுமதிச் சரக்கில் இப்படி ஆங்கிலத்தில் பொறிப்பது பரவியது அதற்குப் பிறகு. ஆக, உங்களுடையது பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. புனித பெனடிக்ட் உருவம் பொறித்த பதக்கத்திலும் இதே கூத்து. இத்தாலியில் அவருடைய மோந்தே கசீனோ மடம் 1880-இல் வெளியிட்ட ஜூபிலிப் பதக்கத்தின் வருடத்தை ரோமன் எண்ணில் இன்றைக்கும் அச்சடிக்கிறார்கள்.

விலை பெரிதாக வராது. ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மாதாவின் முகம் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறது, பின்பக்க நட்சத்திரங்கள் மட்டும் கூர்மையாக இருக்கின்றன. கழுத்தில் சும்மா தொங்கினால் பின்பக்கம்தான் தோலில் பட்டுத் தேயும். முகம் மட்டும் தேய வேண்டுமென்றால், பாட்டி கட்டைவிரலால் தடவித் தடவி ஜெபித்திருக்க வேண்டும். விற்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? வாங்குகிறவர் அதைத் தேய்மானம் என்று சொல்லித்தான் விலையைக் குறைப்பார்.

கேள்வி: வட்டமான பித்தளைப் பேழை, முன்னால் கண்ணாடி. உள்ளே மணல் அளவு ஒரு துகளும் லத்தீன் சீட்டும். பின்னால் சிவப்பு நூலும் அரக்கு முத்திரையும். திறந்து பார்க்கலாமா? வாங்க ஒருவர் தயாராக இருக்கிறார்.
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: திறக்காதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அது திருப்பண்டம், அதாவது ஒரு புனிதரின் உடலிலிருந்தோ உடுப்பிலிருந்தோ எடுத்து வைத்தது. உள்ளே இருப்பது இன்னாருடையது என்பதற்கு அந்த நூலும் முத்திரையும்தான் சாட்சி. நூல் அறுந்தால் சாட்சி போயிற்று. சீட்டில் 'எக்ஸ் ஒசிபுஸ்' என்று தொடங்கினால் எலும்புத் துகள், 'எக்ஸ் வெஸ்தே' என்றால் உடுத்திய துணி. இதோடு முத்திரை பதித்த சான்றுத் தாள் ஒன்றும் கொடுத்திருப்பார்கள். வீட்டுப் பத்திரங்களுக்கு நடுவே தேடிப் பாருங்கள்.

விற்பனை கூடவே கூடாது. திருச்சபைச் சட்டத்தின் 1190-ஆம் பிரிவு நேராகவே தடுக்கிறது. உங்கள் ஆயர் இல்லத்தில் காட்டுங்கள். கூட ஒரு செய்தி: மந்திரித்த, அதாவது சாமியார் ஆசீர்வதித்த ஜெபமாலையை விற்றாலும் அதோடு சேர்ந்த பலன் நீங்கிவிடும். பழைய ஜெபமாலையைக் காசு கொடுத்து வாங்கினவர்கள் சாமியாரிடம் மறுபடி கொடுத்து மந்திரித்துக்கொள்வது அதனால்தான்.

கேள்வி: மாமனார் வீட்டில் ஒரு பாடுபட்ட சுரூபம், கறுப்புச் சிலுவையில் பித்தளை உருவம். அதில் இயேசுவின் காலடியில் மண்டையோடும் இரண்டு எலும்பும் இருக்கின்றன. பில்லி சூனியம் செய்த பொருள், ஆற்றில் விடு என்று பக்கத்து வீட்டம்மா பயமுறுத்துகிறார்.
– ஒரு வாசகி, காரைக்கால்

பதில்: பக்கத்து வீட்டம்மாவுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்து உட்கார வையுங்கள். இயேசுவைச் சிலுவையில் அறைந்த இடமான கொல்கொத்தா என்றாலே மண்டையோட்டு இடம் என்றுதான் சுவிசேஷம் சொல்கிறது. ஆதாமைப் புதைத்த இடத்தின் மேல்தான் சிலுவை நட்டார்கள் என்பது பழைய மரபு. அந்த மண்டையோடு ஆதாமுடையது. பழைய ஐரோப்பியச் சுரூபங்களில் இது சர்வ சாதாரணம்.

சுரூபத்தைச் சுத்தம் செய்வதானால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளை பளபளக்கும், ஆணிக்கு அடியில் ஈரம் தங்கி மரம் உளுத்துப்போகும். காய்ந்த பருத்தித் துணி போதும். சிலுவைக்கட்டை கறுப்பாக இருப்பது அழுக்கு இல்லை. அநேகமாகக் கருங்காலி.