‘இயலாமை’ என்ற கருத்தைத் திருத்தும்போது யாரைக் கேட்பது?

வணக்கம். ‘இயலாமை’ என்ற கருத்துக்குப் புதிய வரையறை எழுதுகிறீர்கள். மென்பொருள் துறையின் மதிப்புணர் வடிவமைப்பு முறையை, அதாவது ஒரு கருவியை வடிவமைக்கும்போதே அது தொடும் மனிதர்களின் மதிப்புகளையும் கேட்டுச் சேர்க்கும் முறையை, கையாண்டால் ‘பயனர்’ என்று யாரைச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முறை பொருந்தும், ‘பயனர்’ என்ற சொல்தான் உங்களைக் குழப்புகிறது. கணினித் துறை ஆய்வாளர் பத்யா ஃப்ரீட்மன் 1990களில் வளர்த்தெடுத்த இந்த முறை, கருவியைத் தொடாமலே அதன் விளைவைச் சுமப்பவரையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. மருத்துவமனைக் கணினியில் தட்டச்சு செய்பவர் மருத்துவர், பதிவாகிறவர் நோயாளி. உங்கள் வரையறையைப் பயன்படுத்துபவர் இயலாமைச் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரி. சுமப்பவர் வேறொருவர்.

1976இல் பிரிட்டனில் உடற்குறையுடையோரே கூடி, உடற்குறை வேறு, சமூகம் சுமத்தும் இயலாமை வேறு என்று பிரித்தார்கள். சக்கர நாற்காலியைத் தடுப்பது கால் அல்ல, வாசற்படி. அருமையான திருத்தம் அது. ஆனால் தீராத வலியோடு வாழ்பவர்கள் பின்னாளில் கேட்டார்கள்: படியை இடித்துச் சாய்தளம் போட்டாலும் வலி கூடவே வருகிறதே, அதற்கு உங்கள் கருத்தில் இடம் எங்கே? பாதிக்கப்பட்டவர்களே வகுத்த வரையறையிலும் சிலர் விடுபட்டார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆகவே வரையறையை முடித்துவிட்டு நேர்காணலுக்குப் போகாதீர்கள். உதவித்தொகை விண்ணப்பப் படிவம் ஒன்றை எடுத்து, பழைய வரையறையை அடித்துவிட்டு உங்களுடையதை எழுதுங்கள். யாருக்குப் பணம் நின்றுபோகிறது என்று பாருங்கள். முதலில் அவர்களிடம் போய் உட்காருங்கள்.