அனிமே மேற்கத்திய நாடுகளில் பரவலானது ஊரடங்குக்குப் பிறகுதானா?

ஊரடங்குக் காலத்தில் வீட்டில் முடங்கிக் கிடந்தவர்கள் நெட்ஃபிளிக்ஸில் தேடிப் பார்க்கத் தொடங்கியதால்தான் அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் மேற்கத்திய நாடுகளில் வெகுமக்கள் ரசனைக்குள் நுழைந்தது என்பது கேள்வி கேட்டவரின் கருத்து. அதில் ஓரளவு உண்மை உண்டு என்றாலும், கதை அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. நான் பாரிஸில் வசிக்கிறேன். என்னுடன் வேலை பார்க்கும், ஐம்பது வயதைத் தாண்டிய பிரெஞ்சுக்காரர்களிடம் ‘கோல்டோராக்’ என்ற ராட்சத ரோபோவின் பெயரைச் சொன்னால் போதும், தலைப்புப் பாடலை முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார்கள். அந்த ரோபோ வரும் ஜப்பானியத் தொடர் இங்கே ஒளிபரப்பாகத் தொடங்கியது 1978-இல்.

மேற்கு என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம்; ஆனால் இத்தாலி, பிரான்ஸ் ஆகியவற்றின் அனுபவம் வேறு, அமெரிக்காவின் அனுபவம் வேறு. இரண்டிலும் பொதுவாக நான் காண்பது ஒன்றே ஒன்றுதான். அனிமேவின் கலைத்தரத்தைக் கண்டு வியந்து யாரும் அதை அழைத்து வரவில்லை. ஒளிபரப்பாளர்களுக்கு நிரப்ப வேண்டிய நேரம் மிகுதியாகவும் செலவழிக்கும் பணம் குறைவாகவும் இருந்தபோதெல்லாம், ஜப்பானில் ஏற்கெனவே ஓடி முடித்த தொடர்கள் மலிவு விலைக்குக் கிடைத்தன; வாங்கிப் போட்டார்கள்; பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள்.

இத்தாலியில் இது மிகத் தெளிவாகத் தெரியும். 1976-இல் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம் உள்ளூர் ஒளிபரப்பில் தனியாருக்கு வழிவிட்டதும் சிறு சிறு தொலைக்காட்சி நிலையங்கள் புற்றீசல் போலக் கிளம்பின. அவற்றின் பகல்பொழுதுகளை நிரப்பியவற்றில் ஜப்பானியத் தொடர்கள் முக்கியமானவை. பிரான்சில் ‘கோல்டோராக்’ ஜூலை மாதத்தில், கோடை விடுமுறையில், பெரிய எதிர்பார்ப்பு ஏதுமின்றித்தான் ‘ஆன்டென் 2’ அலைவரிசையில் தொடங்கப்பட்டது. சில மாதங்களிலேயே வார இதழ்களின் அட்டைப்படமாகிவிட்டது. ஜெர்மனியில் ‘ஹைடி’, ‘தேனீ மாயா’ ஆகியவற்றைப் பார்த்து வளர்ந்த குழந்தைகளில் பெரும்பாலோர், அவை டோக்கியோவில் வரையப்பட்டவை என்பதை அறியாமலேயே வளர்ந்தார்கள். கதைகள் ஐரோப்பியக் கதைகள்தானே, சந்தேகம் எழ வாய்ப்பே இல்லை.

பிரான்சில் அடுத்த அலை 1987-இல் வந்தது. அவ்வாண்டு தனியார்மயமாக்கப்பட்ட டி.எஃப்.1 அலைவரிசை ‘கிளப் டொரோத்தே’ என்ற சிறுவர் நிகழ்ச்சியைத் தொடங்கிப் பத்து ஆண்டுகள் நடத்தியது. ஜப்பானிய நிறுவனங்களிடமிருந்து தொடர்களைக் கட்டுக்கட்டாக வாங்கியபோது எது சிறுவர்களுக்கானது, எது வளர்ந்த இளைஞர்களுக்கானது என்று பிரித்துப் பார்க்க யாரும் மெனக்கெட்டதாகத் தெரியவில்லை. அப்படித்தான் தலைகள் வெடித்துச் சிதறும் ‘ஹொகுதோ நோ கென்’ பள்ளிக் குழந்தைகளின் நேரத்தில் ஒளிபரப்பானது. அதன் வன்முறையைச் சகிக்க முடியாத டப்பிங் கலைஞர்கள், வசனங்களை மனம்போனபடி மாற்றி, கொடூரமான சண்டைகளுக்கு நடுவே சிலேடையும் கேலியுமாகப் பேசித் தள்ளினார்கள். அந்த டப்பிங்கை இன்றும் தேடிப் பார்த்துச் சிரிப்பவர்கள் இங்கே உண்டு. அந்தக் காலத்தில் எல்லாரும் சிரிக்கவில்லை. பின்னாளில் அதிபர் தேர்தலில் போட்டியிட்ட செகோலென் ருவயால் 1989-இல் குழந்தைகளும் தொலைக்காட்சியும் பற்றித் தனி நூலே எழுதி இந்தத் தொடர்களைக் கடுமையாகச் சாடினார். ஒன்றை எதிர்த்து அரசியல்வாதி புத்தகம் எழுதுகிறார் என்றால், அது அதற்குள் ஊரெங்கும் பரவிவிட்டது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அமெரிக்காவில் தொடக்கம் இன்னும் பழையது. ஒசாமு தெசுகாவின் ‘ஆஸ்ட்ரோ பாய்’ ஜப்பானில் வெளிவந்த அதே 1963-இலேயே அங்கும் ஒளிபரப்பாகிவிட்டது. 1967-இல் ‘ஸ்பீட் ரேசர்’ வந்தது. ஆனால் அங்கே ஜப்பானிய அடையாளத்தைத் துடைத்தெடுப்பது வழக்கமாகவே இருந்தது. ‘ஸ்டார் வார்ஸ்’ வெற்றியைப் பார்த்து 1978-இல் ‘காட்சமான்’ தொடரை ‘பேட்டில் ஆஃப் தி பிளானட்ஸ்’ என்று மாற்றியவர்கள், வன்முறைக் காட்சிகளை வெட்டிவிட்டு, அந்த இடைவெளியை அடைக்க மூலத்தில் இல்லாத ஒரு ரோபோவைப் புதிதாக வரைந்து சேர்த்து, பூமியில் நடந்த கதையை வேற்றுக் கோள்களுக்கு மாற்றினார்கள். 1985-இன் ‘ரோபோடெக்’ இதைவிட விசித்திரமானது. வார நாள்களில் தினமும் ஒளிபரப்ப ஒரு தொடருக்கு 65 பகுதிகளாவது வேண்டும் என்பது அன்றைய சந்தை விதி. அதற்கு அடிப்படையான ‘மேக்ராஸ்’ என்ற ஜப்பானியத் தொடரிலோ 36 பகுதிகள்தான் இருந்தன. எனவே அமெரிக்கத் தயாரிப்பாளர் கார்ல் மேசெக், ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மேலும் இரண்டு தொடர்களை அதனுடன் ஒட்டி, மூன்று தலைமுறைகளின் கதையாக்கி, 85 பகுதிகளை உருவாக்கினார். தூய்மைவாதிகள் இன்றும் அவரைத் திட்டுகிறார்கள். எனக்கு அது நியாயமாகப் படவில்லை; அந்த ஒட்டுவேலை இல்லாவிட்டால் ‘மேக்ராஸ்’ அமெரிக்கத் தொலைக்காட்சியில் தினசரித் தொடராக வந்திருக்க வழியே இல்லை.

இப்படி வெட்டியும் ஒட்டியும் காட்டப்பட்டவற்றின் மூலத்தைத் தேடிப் போனவர்கள்தான் அமெரிக்க அனிமே ரசிகர் கூட்டத்தின் முன்னோடிகள். 1977-இலேயே லாஸ் ஏஞ்சலிஸில் அவர்களுக்கென ஒரு சங்கம் தொடங்கப்பட்டிருந்தது. எண்பதுகளின் இறுதியில் அமிகா கணினியும், வீடியோப் படத்தின்மேல் எழுத்தைப் பதிக்க உதவும் ‘ஜென்லாக்’ என்ற கருவியும் எட்டும் விலைக்கு வந்ததும், ரசிகர்களே மொழிபெயர்த்து சப்டைட்டில் போடத் தொடங்கினார்கள். வேண்டியவர் காலி வி.எச்.எஸ். கேசட்டையும் திருப்பி அனுப்பத் தபால் செலவையும் அனுப்பினால், பதிவு செய்து அனுப்புவார்கள். நகலின் நகலாகக் கைமாறிக் கைமாறி, கடைசியில் நிறம் வழிந்து, எழுத்து நடுங்கும் நிலையில்தான் பலருக்கு அது கிடைத்தது. ஒரு தொடரை அமெரிக்க நிறுவனம் முறையாக வாங்கிவிட்டால் விநியோகத்தை நிறுத்திவிட வேண்டும் என்ற எழுதப்படாத நெறியும் அவர்களிடையே இருந்தது.

இந்தச் சிறு வட்டத்துக்கு வெளியே அமெரிக்கப் பிள்ளைகளிடம் அனிமேவைக் கொண்டுசேர்த்தது கேபிள் தொலைக்காட்சிதான். ‘சைலர் மூன்’ 1995-இலும் ‘டிராகன் பால் இசட்’ 1996-இலும் உள்ளூர் நிலையங்களில், பெரும்பாலும் குழந்தைகள் எழுந்திராத நேரங்களில், ஓடி எடுபடாமல் போயின. அதே தொடர்களை 1998-இல் கார்ட்டூன் நெட்வொர்க் தன் ‘டூனாமி’ பகுதியில், பள்ளி விட்டு வீடு திரும்பும் மாலை வேளையில் மறுஒளிபரப்புச் செய்தபோது நிலைமை தலைகீழானது. தொடர் மாறவில்லை, நேரம்தான் மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் ‘போக்கிமான்’ வந்தது. விளையாட்டு, அட்டைகள், தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து அடித்த அந்தப் புயலில், 1999 நவம்பரில் வெளியான முதல் படம் அமெரிக்காவில் மட்டும் 8.5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. (அந்தத் தொலைக்காட்சித் தொடரிலும் சோற்று உருண்டையை டோனட் என்று சொல்லிச் சமாளித்தது தனி வேடிக்கை.) 2003-இல் ‘ஸ்பிரிட்டட் அவே’ என்ற அனிமே திரைப்படம் ஆஸ்கர் வென்றதை ஒரு பெரும் திருப்பமாகப் பலர் எழுதுகிறார்கள், அது திரைவிமர்சகர்களின் மதிப்பை மாற்றியதே தவிர, பார்வையாளர் எண்ணிக்கையில் ‘போக்கிமான்’ செய்ததில் சிறு பங்கையும் செய்யவில்லை என்பது என் கணிப்பு.

வளர்ச்சி நேர்கோட்டில் நடந்ததாகவும் நினைக்க வேண்டாம். ஜப்பானில் இரவு ஒளிபரப்பான பகுதி மறுநாளே ரசிகர் சப்டைட்டிலோடு இணையத்தில் இலவசமாகக் கிடைத்தபோது, ஓராண்டு கழித்து வரும் டிவிடிக்கு யார் காத்திருப்பார்கள்? அனிமே டிவிடிகளை விற்ற நிறுவனங்களில் ஜெனியோன் 2007-இல் தன் அமெரிக்கக் கிளையை மூடியது, 2009-இல் ஏ.டி.வி. பிலிம்ஸும் மறைந்தது. இந்தச் சரிவிலிருந்து மீட்ட வழி, திருட்டுப் பதிவேற்றத் தளமாக 2006-இல் தொடங்கிய கிரஞ்சிரோலிடமிருந்தே வந்தது என்பதுதான் இதில் நகைமுரண். அது டி.வி. டோக்கியோ என்ற ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டு, 2009 ஜனவரி முதல் ‘நருட்டோ ஷிப்புடென்’ பகுதிகளை ஜப்பானிய ஒளிபரப்பு முடிந்த ஒரு மணி நேரத்தில் சந்தாதாரர்களுக்கு வழங்கியது. என்னைக் கேட்டால், உண்மையான திருப்புமுனை அதுதான். 2021-இல் சோனி அந்நிறுவனத்தை 117.5 கோடி டாலருக்கு வாங்கியது.

ஊரடங்கின் பங்குக்கு வருகிறேன். 2021 ஏப்ரலில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் அமெரிக்கத் திரையரங்குகளில் முதல் வார இறுதியிலேயே 2.1 கோடி டாலர் ஈட்டியது. பெரிய ஹாலிவுட் படங்கள் பலவும் தள்ளிப்போயிருந்த நேரம் என்பதால், காலியிடத்தில் நுழைந்த பழைய கதை என்றே அதையும் நான் வகைப்படுத்துவேன். 2025 செப்டம்பரில் அதே தொடரின் ‘இன்ஃபினிட்டி காசில்’ சுமார் 7 கோடி டாலருடன் தொடங்கியதற்கு மட்டும் அந்த விளக்கம் செல்லாது. அதே வாரத்தில் ‘டவுன்டன் ஆபி’ வரிசையின் இறுதிப்படமும் ‘தி லாங் வாக்’ படமும் புதிதாக வெளியாகியிருந்தன. இரண்டையும் அது வெகு தூரம் பின்னுக்குத் தள்ளியது.